அண்ணன் கைக்கு ஓர் ஊசி

தடுப்பூசி போட்டுக்கொண்டவனின் வியர்வை வாடைக்குச் சுறா வரும் என்ற பேச்சு, நுக்குலேவு கிராமத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. தபால் படகுக்காரனிடம் அவன் கொழுந்தியாள் சொன்னாளாம். அவளுக்கு வடக்குத் தீவில் ஒரு பாதிரியார் வீட்டுச் சமையல்காரி சொன்னாளாம். அங்கே ஒருவன் காலையில் ஊசி போட்டுக்கொண்டு மத்தியானம் கடலில் இறங்கியிருக்கிறான், மூன்று சுறாக்கள் கரை வரைக்கும் அவனைத் துரத்திக்கொண்டு வந்திருக்கின்றன. புதன்கிழமை, கவா வேர்ச் சாறு குடிக்க உட்கார்ந்த இடத்தில், அது ஐந்து சுறா ஆயிற்று. வியாழக்கிழமை அந்த மனிதனுக்கு ஒரு கால் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஊசிப் படகு வருவதாக இருந்தது.

நர்ஸ் உனாய்சி இதற்கு முன்னால் வந்த எல்லா வதந்திகளையும் சிரித்தே சமாளித்திருந்தாள். ஊசி போட்டவர்கள் இரண்டு வருடத்தில் செத்துப்போவார்கள் என்றார்கள். "அப்ப கல்லறைக்கு இடம் போதாதே, இப்பவே காட்டை வெட்ட ஆரம்பிங்க" என்றாள். கைக்குள் பைபிளில் சொன்ன சாத்தான் மிருகத்தின் எண்ணைப் பதிக்கிறார்கள் என்றார்கள். தன் கையை நீட்டி, எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னாள். முதல் கட்டத்திலேயே அவளுக்கு ஊசி போட்டாகிவிட்டது. ஆனால் இந்தச் சுறாக் கதையை மட்டும் அவளால் சிரித்துத் தள்ள முடியவில்லை. காரணம், அபிசாய்.

அபிசாய்க்கு ஐம்பத்தைந்து வயது. ஈட்டியோடு பவளப்பாறைக்கு அடியில் இறங்கி மீன் குத்துகிறவர். தண்ணீருக்குள் மூச்சை அடக்குவதில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை. தண்ணீருக்கு வெளியே இப்போதெல்லாம் சர்ச்சுப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சர்க்கரை ஏறிக் கிடக்கிற உடம்பு. தலைநகர் சுவாவில் தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பெருந்தொற்று பரவிக்கொண்டிருந்தது. அது அவர்களுடைய கண்டாவு தீவுக்குள் கால் வைத்தால் முதலில் யாரைத் தூக்கும் என்று உனாய்சி மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதில் முதல் பெயர் அவர்தான். அவர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட அவளுக்கு அந்த மாதத்தில் வேறு வேண்டுதல் இல்லை.

இதை அவரிடம் நேரே போய்ச் சொல்ல அவளால் முடியாது. அவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

உனாய்சிக்குப் பதிமூன்று வயது நடக்கும்போது அம்மா அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "இனிமே அண்ணன்கிட்ட நேரா பேசாதே, அவன் உக்கார்ற பாயில உக்காராதே, நீ பெரியவளாயிட்டே" என்று சொன்னாள். அந்தத் தீவில் எல்லா வீட்டிலும் எல்லாத் தங்கைகளுக்கும் சொல்வதுதான். அவள் அழவில்லை. ஆனால் அன்று காலையில் அண்ணன் தன்னிடம் கடைசியாகச் சொன்னது என்ன என்று யோசித்துப் பார்த்தாள். வாசலில் அமர்ந்து ஈட்டி முனையைத் தீட்டிக்கொண்டிருந்தவர், "நகரு, வெயில மறைக்கிற" என்றிருந்தார். அவள் நகர்ந்திருந்தாள். கடைசிப் பேச்சு என்று முன்பே தெரிந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். முப்பத்தெட்டு வருடமாக அவளுக்கு அந்தக் குறை உண்டு.

பேச்சு நின்றதே தவிர வேறு எதுவும் நிற்கவில்லை. அவள் நர்ஸ் படிப்புக்குச் சுவாவுக்குப் புறப்பட்டபோது, அவள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கப்பல் வரைக்கும் துடுப்புப் போட்டவர் அவர்தான். வழி நெடுக முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடம் முன்பு சொந்த ஊருக்கே மாற்றலாகி வந்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அவள் அடுப்படி வாசலில் மீன் இருக்கும், எப்போதும் வஞ்சிரத்தின் தலைப் பக்கம். கொண்டுவந்து வைப்பது அண்ணி மெரலீட்டா. திரும்பிப் போகும்போது மெரலீட்டா கையில் சர்க்கரை மாத்திரை உறை இருக்கும். உறையின் மேல் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா, உனாய்சி வரைந்தது. அப்புறம் அந்த விலாங்கு மீன் கடி. இடது முன்கையில் சதையைப் பிய்த்துவிட்டது. தங்கை நடத்துகிற மருத்துவ நிலையம் நூறு அடி தூரத்தில் இருக்க, அபிசாய் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் படகில் போய்த் தீவின் மறு கோடியில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் ஒருவரும் அதை விசித்திரமாகப் பேசவில்லை. அவளும் நினைக்கவில்லை. பின்னே, தங்கையிடமா போய்க் கையை நீட்டுவார்?

அவளிடமும் அண்ணனிடமும் ஒரே நேரத்தில் வாய்கிழியப் பேசக்கூடிய ஆள் ஊரில் ஒருவன் இருந்தான்: அவர்களுடைய மாமன் மகன் சகியூசா. ஊர்த் தலைவன் அவன்தான், ஊசிக்குப் பெயர் எழுதுகிறவனும் அவன்தான். அண்ணனுக்கு மச்சான், அவளுக்கு முறை மச்சான், ஆகவே யாரை வேண்டுமானாலும் கேலி பேச அவனுக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையை அவன் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டியலோடு அவளிடம் வந்தான்.

"நூத்தி முப்பத்தாறு பேர். உன் அண்ணன் பேரும் இருக்கு."

"அவரே சொன்னாரா, நீயா எழுதினியா?"

"நான் எழுதுறப்ப அவர் தடுக்கல. அவர் வழக்கத்துக்கு அதுவே பெரிய பேச்சு."

"சுறாக் கதையக் கேட்டாரா?"

"கேக்காம? கவா சட்டிக்குப் பக்கத்துலதானே இருந்தார். ஒண்ணும் சொல்லல. ஒரு சிரட்டை குடிச்சார், எழுந்து போயிட்டார்."

அந்த 'எழுந்து போயிட்டார்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அண்ணனுக்காக அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஊசி போட ரோஷ்னி லதா என்ற நர்ஸ் வருகிறாள். பெண்களுக்கு உனாய்சி போடுவது, ஆண்களுக்கு ரோஷ்னி போடுவது. இதை மெரலீட்டா காதில் இரண்டு தடவை போட்டுவைத்தாள். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரும்.

வெள்ளிக்கிழமை படகு வந்தபோது கடல் வற்றிக் கிடந்தது. ரோஷ்னி ஐஸ் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். பாசிப் பாறையில் கால் வழுக்கியது. பெட்டியைக் கீழே விடக்கூடாது என்று வலது கையை ஊன்றிவிட்டாள். பெட்டிக்குச் சேதமில்லை. மணிக்கட்டு ரொட்டி மாவு போல உப்பிவிட்டது.

"பரவாயில்ல சிஸ்டர், நான் இடது கையால போடறேன்" என்றாள். சோதித்துப் பார்க்க ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தார்கள். ஊசி பழத்தில் கோணலாக இறங்கி மறுபக்கம் தலை காட்டியது.

"பழம் செத்துப்போச்சு" என்றான் சகியூசா.

ஆகவே ரோஷ்னி ரத்த அழுத்தம் பார்ப்பது, நோய் விவரம் கேட்பது. சகியூசா பதிவேடு எழுதுவது. ஊசி முழுக்க உனாய்சி. மூன்று மணிக்குத் தண்ணீர் ஏறும்போது படகு மலைக்கு அந்தப்புறத்து ஊருக்குப் போயாக வேண்டும். மிச்ச மருந்தும் அதோடு போய்விடும். நூற்று முப்பத்தாறு கைகள். வேறு எதையும் நினைக்க அவளுக்கு நேரமிருக்கவில்லை, அதுதான் அவள் செய்த தப்பு.

ஊர் மண்டபத்தில் புதுப் பாய் விரித்திருந்தார்கள். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தார்கள். படகில் வந்தவர்களுக்கு மரியாதையாகக் கவா வேர்க் கட்டு ஒன்றை வைத்து வரவேற்றார்கள். ஜெபம் முடிந்தது. ஐஸ் பெட்டி திறக்கிற சத்தம் கூட எல்லோருக்கும் கேட்டது.

முதல் ஆளாக அக்கனீசி எழுந்து வந்தாள். ஜூன் மாதம் சுவாவில் அவளுடைய மகன் பேனி இந்த நோயில் இறந்திருந்தான். அடக்கத்துக்குப் போக வழியில்லை. சிக்னல் கிடைக்கிற மேட்டில் சகியூசாவின் போனை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, முப்பது பேர் அந்த உள்ளங்கை அளவு வெளிச்சத்தில் பேனியைக் குழிக்குள் இறக்கியதைப் பார்த்தார்கள். அக்கனீசி மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "ஒரு தடவை கையில குடு" என்று குப்பியைக் கேட்டாள். உனாய்சி கொடுத்தாள். அக்கனீசி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இது பத்துப் பேருக்கு."

"ரெண்டு மாசம் முன்னாடி இதுல ஒரு சொட்டு அவனுக்குப் போயிருந்தா." குறை சொல்கிற குரல் இல்லை அது. குப்பியைத் திருப்பிக் கொடுத்து, சட்டைக் கையைத் தூக்கினாள். ஊசி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மகன் பெயரைச் சொன்னாள். பின்வரிசையில் யாரோ பாட்டு ஒன்றை மெல்ல எடுத்தார்கள். பாதிப் பேர் பாடினார்கள், மீதிப் பேரால் பாட முடியவில்லை.

அதற்குப் பிறகு மண்டபம் இளகிவிட்டது. பெண்கள் அழுதார்கள், அழுத கையோடு சிரித்தார்கள். ஒருத்தி ஊசி போட்ட இடத்தில் முத்தம் கொடுக்கச் சொல்லிப் புருஷனை நச்சரித்தாள். ரக்பி ஆடுகிற ஒரு மலை போன்ற ஆள், தன் மனைவியின் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்தே பாயில் சரிந்தான். அவனைச் சுற்றி நின்று விசிறிய பெண்களுக்கு அந்த வருடம் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது. உனாய்சி நிமிரவில்லை. துடை, குத்து, அழுத்து. "கொஞ்சம் வலிக்கும்." அடுத்த கை. அவளுக்கு அன்று ஊரில் முகங்களே இல்லை.

பதினொன்றரைக்குப் பெண்கள் முடிந்து ஆண்கள் முறை வந்தது. சகியூசா பட்டியலைப் பார்த்து, "அபிசாய்" என்று கூப்பிட்டான்.

அவள் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் முதுகு பக்க வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

வரிசையில் இருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "மூணு சுறாவா, அஞ்சா?" என்று ஒரு குரல். அடக்கிய சிரிப்பு. ஊரிலேயே ஆழத்துக்குப் போகிறவர் எழுந்து போனால் மற்றவனுக்கு எதற்கு வம்பு என்று இன்னொருவன் எழுந்தான். பிறகு இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் முப்பத்தொரு ஆண்கள் வெளியே மாமர நிழலில் நின்றார்கள்.

நேற்றிலிருந்து நெஞ்சில் இருந்த முள் அப்போது புரண்டது. உனாய்சி சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் குரல் ஜன்னலைத் தாண்டிப் போனது.

"வயசெல்லாம் கடல்லயே கிடந்தவங்க, எவளோ சமையல்காரி சொன்ன சுறாவுக்குப் பயந்து ஓடுறாங்க. நாளைக்கு மூச்சு முட்டிக் கிடக்கறப்ப அந்தச் சுறாவா வந்து ஆக்சிஜன் வைக்கும்? வெக்கமா இல்ல?"

 சகியூசா பேனாவை மூடினான். ஜன்னலுக்கு வெளியே, மிகப் பக்கத்தில், அதே வெள்ளைச் சட்டை நின்றிருந்தது. அது மெல்ல அங்கிருந்து நகர்ந்து கடற்கரைப் பக்கம் போயிற்று.

சகியூசா அவளை மேஜைக்குப் பின்னால் ஒதுக்கினான். அவன் முகத்தில் கேலி இல்லாததை அவள் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"அத்தை மகளே, நீ யாருன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நர்ஸ். என் வேலையத்தான் பாக்கறேன்."

"அவர் உள்ள வந்து பாத்தப்ப மேஜையில நர்ஸ் இல்ல. அவர் தங்கச்சி இருந்தா."

மெரலீட்டா கைக்குழந்தையைப் போல ஊசி போட்ட கையை அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "அவருக்குச் சுறாவும் இல்ல, திமிங்கலமும் இல்ல உனாய்சி. நேத்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். ஆம்பளைங்களுக்கு யாரு போடறதுன்னு. ரோஷ்னின்னு சொன்னேன். உடனே வெள்ளச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார்."

உனாய்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோதே இது உறைத்திருக்க வேண்டும். அந்தக் காலையில் அவளுக்கு எல்லாமே கைகளாகிவிட்டன, அண்ணன் கை உட்பட. அது போதாதென்று ஊர் கூடிய இடத்தில், அவர் காதுபட, அண்ணனைப் பார்த்து வெட்கமில்லையா என்று கேட்டுவிட்டாள். முப்பத்தெட்டு வருடம் கழித்து அண்ணனுக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"ரோஷ்னி," என்றாள், "உங்களுக்கு வச்ச கவா வேரை எனக்குத் தருவீங்களா?"

ரோஷ்னி லம்பாசாவில் இந்திய வம்சாவளிக் கரும்புத் தோட்டக்காரர் மகள். ஆனாலும் இருபது வருடம் தீவு தீவாகப் போனவள், ஏன் என்று கேட்கவில்லை. வேர்க் கட்டை எடுத்து நீட்டினாள். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு ஆள் அனுப்ப முடியாது, தானே போகவும் முடியாது. சகியூசா கட்டை வாங்கிக்கொண்டான்.

"என்னன்னு சொல்ல?"

"தங்கச்சி தப்பாப் பேசிட்டான்னு சொல்லு. வேற எதையும் சேத்துச் சொல்லாதே."

"ஒரு கேலி கூடவா?"

"மச்சான்."

"சரி சரி."

அவன் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. திறந்த குப்பியில் ஏழு பேருக்கான மருந்து காத்திருந்தது. மணி ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னார்?"

"கட்டைத் தொட்டார். மூணு தடவை கை தட்டினார். ஏத்துக்கிட்டார்." சகியூசா பெருமூச்சு விட்டான். "அப்புறம் உன்னைத் திட்ட முடியாததுக்கெல்லாம் சேத்து என்னைத் திட்டினார், மச்சான் முறைக்கு. என் பாட்டன் வரைக்கும் போயிட்டார்."

"ஊசி?"

"வேணுமாம். ராத்திரியில மூச்சு வாங்கறது அவருக்கே தெரியுது. ஆனா கேக்கறார், 'என் தங்கச்சி முன்னாடி சட்டையக் கழட்டித் தோளைக் காட்டிட்டு உக்காரச் சொல்றியா'ன்னு. நான் என்னத்தச் சொல்ல? அதுவும் நியாயம்தானே."

நியாயம்தான். உனாய்சிக்கு அது நியாயம் என்பதில்தான் அழுகை வந்தது. ஊசியைத் தட்டில் அடுக்குவது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மெரலீட்டாதான் கேட்டாள். "ஊசி போட ஆளைப் பாக்கணுமா, கையப் பாத்தாப் போதுமா?"

"கை போதும். ஆள் விவரம் ரோஷ்னி பாத்துக்குவா."

மெரலீட்டா வீட்டுக்கு ஓடினாள். திரும்பும்போது கையில் செம்பருத்திப் பூப்போட்ட அகலமான படுக்கை விரிப்பும் மீன் வெட்டுகிற கத்தியும் இருந்தன. கல்யாண நாட்களுக்கு மட்டும் வெளியே வருகிற விரிப்பு. மண்டபத்துக் குறுக்குச் சட்டத்தில் அதைத் தொங்கவிட்டு, உட்கார்ந்த ஆளின் தோள் உயரத்தை ரோஷ்னியை உட்காரவைத்து அளந்து, ஒரு பெரிய பூவின் நடுவே கத்தியைச் செருகிக் கீழ்நோக்கி இழுத்தாள்.

சகியூசா விரிப்பை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்து, நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொன்னான். "நடுவுல துணி இருக்கு. கையில உறை இருக்கு. தொட்டதாகாது. இன்னொண்ணு, எல்லா ஆம்பளைங்களும் இது வழியாத்தான் கை நீட்டணும். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், நம்பர்தான். எது யார் கைன்னு அவளுக்குத் தெரியக்கூடாது."

அவன் வெளியே போய் மாமரத்தடியில் என்ன பேசினானோ தெரியாது, சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு விரிப்புக்கு அந்தப் பக்கம் பாய்கள் சரசரத்தன. முப்பத்தொரு பேரும் வந்துவிட்டார்கள் என்று ரோஷ்னி விரிப்புக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கண்ணால் சொன்னாள்.

"ஒண்ணு" என்றான் சகியூசா.

பூவின் நடுவிலிருந்து ஒரு கை வந்தது. பச்சை குத்திய கை. அடுத்தது நடுங்குகிற கை. அடுத்தது தேங்காயெண்ணெய் மணக்கிற, கிழங்குத் தோட்டத்து மண் நகக்கண்ணில் ஒட்டிய கை. ஒன்று விரல்களை ஆட்டி அவளுக்கு வணக்கம் சொன்னது. கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

"அத்தை மகளே, பழி வாங்குற" என்றது விரிப்பு, சகியூசாவின் குரலில். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

பத்தொன்பதாவது கை மற்றவற்றைப் போல் சட்டென்று வரவில்லை. முதலில் விரல் நுனிகள் வந்தன, பிறகு மணிக்கட்டு, பிறகு முன்கை. முன்கையில் அந்தத் தழும்பு கோணலாக ஓடியது. ஏழு தையல், இடைவெளி ஒழுங்கில்லாமல், கடைசித் தையல் சதையை இழுத்துப் பிடித்து முடிச்சாகியிருந்தது. தான் போட்டிருந்தால் பதினொன்று போட்டிருப்பாள், வரி போல ஆறியிருக்கும்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றிருந்தது.

எல்லாக் கையிடமும் "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லி வந்தவளால் இந்தக் கையிடம் சொல்ல முடியவில்லை. பஞ்சால் துடைத்தாள். தோல் அவள் நினைத்ததைவிடத் தளர்ந்திருந்தது. அம்மாவின் கை கடைசியில் இப்படித்தான் இருந்தது. ஊசியை அவ்வளவு மெதுவாக அவள் அன்று யாருக்கும் இறக்கவில்லை. எடுத்த பிறகு பஞ்சை வைத்து அழுத்தினாள். ஐந்து எண்ணினால் போதும். அவள் எண்ணிக்கையை விட்டுவிட்டாள்.

பஞ்சை எடுத்த பிறகும் அந்தக் கை உடனே உள்ளே போகவில்லை. மேஜை விளிம்பின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு பூ அதை விழுங்கிக்கொண்டது.

"இருபது" என்றான் சகியூசா.

மூன்று மணிக்குப் படகு கிளம்பியபோது உனாய்சியும் அதில் இருந்தாள். ரோஷ்னியின் கை சரியாகும் வரை அடுத்த ஊருக்கும் ஊசி போட அவள்தான் போக வேண்டியிருந்தது. சகியூசா படகோட்டினான். கரையில் பெண்கள் கையாட்டினார்கள். தென்னைகளுக்குப் பின்னால், கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு வெள்ளைச் சட்டையை அவள் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மலைக்கு அந்தப்புறத்து ஊரில், அவள் தங்கியிருந்த மேட்டு வீட்டில், போன் அடித்தது. மெரலீட்டா.

"உனாய்சி, அவருக்கு உடம்பு கொதிக்குது. விடியக்காலமே நடுக்கம். உன்கிட்டச் சொல்லாதேன்னார்."

"காய்ச்சல் வரும் மதினி, நிறையப் பேருக்கு வந்திருக்கும். நாளைக்குச் சரியாயிடும். சாப்பிட்டாரா?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணும் இறங்கல. எலுமிச்ச இலை டீ கூட வேணாங்கறார். மாத்திரை மட்டும் ஒழுங்காப் போட்டுக்கிட்டார், நீ வரைஞ்சு குடுத்த படி."

 "மதினி, சாப்பிடாம அந்த மாத்திரையப் போடக்கூடாது. சர்க்கரை கீழ இறங்கி நினைவு தப்பிடும். இப்பவே சர்க்கரைத் தண்ணி கரைச்சு..."

லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டால் தொடர்பில் இல்லை என்றது. மெரலீட்டாவின் போனில் சார்ஜ் என்றைக்கு இருந்தது? ஊரில் இன்னும் நாலு பேருக்கு முயன்றாள், யாருக்கும் போகவில்லை. காய்ச்சலில் படுத்திருப்பார்கள், இல்லை சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு யாரும் வரவில்லை. அந்த மேட்டை ஒட்டி இருப்பது அண்ணன் வீடு மட்டும்தான். சகியூசாவின் போன் நேற்றே படகிலிருந்து கடலுக்குள் போய்விட்டது. அவனும் ஆட்களை ஏற்றிவரப் பக்கத்துக் குடியிருப்புக்குப் போயிருந்தான். ரோஷ்னியைக் கூட்டிவந்து அண்ணன் போனுக்குப் பேசச் சொல்லலாம். கீழே மண்டபத்துக்கு இறங்கி ஏறக் கால் மணி நேரம் பிடிக்கும்.

அவள் ஊசிப் பதிவேட்டைத் திறந்தாள். ஆண்கள் பக்கத்தில், சகியூசாவின் குண்டு எழுத்தில் பத்தொன்பதாவது வரி. பெயர், வயது, போன் நம்பர். அபிசாய்க்குப் போன் இருப்பது அவளுக்குத் தெரியும். நம்பரை இன்றுதான் பார்க்கிறாள்.

ஒவ்வோர் எண்ணாக அழுத்தினாள்.

மணி போயிற்று. தலைமாட்டில் பாய்க்குப் பக்கத்தில் அந்தப் போன் அதிர்வதை அவளால் பார்க்க முடிந்தது. அவளுடைய நம்பர் அவரிடம் இருக்குமோ, என்ன பெயரில் இருக்குமோ. எடுத்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் வாய்க்குள் வந்து நின்றது, முப்பத்தெட்டு வருடம் உபயோகிக்காத சொல். சொல்லிப் பார்த்தாள், சத்தமில்லாமல். முதலில் அது. உடனே சர்க்கரைத் தண்ணீர். மன்னிப்பெல்லாம் அப்புறம்.

எடுக்கவில்லை. தங்கை என்று பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்திருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர்தான். அப்படியானால் நினைவோடு இருக்கிறார். இல்லை, கை நீட்டி எடுக்க முடியாமல் கிடக்கலாம். இந்த இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான்.

முழுதாக அடித்து ஓய்ந்தது. அவள் உடனே மறுபடியும் அழுத்தினாள். கீழே மண்டபத்தில் பாட்டு ஆரம்பித்திருந்தது. முதல் வரிசை தயாராகிவிட்டது என்று ரோஷ்னி மண்டப வாசலில் நின்று நல்ல கையை ஆட்டிக் கூப்பிட்டாள். உனாய்சி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள், ஒரு நிமிடம்.

காதுக்குள் மணி போய்க்கொண்டே இருந்தது.